உப்புக்குள் பத்து நிமிடம்

உப்பளத்து வாய்க்காலில் மூழ்கி மூச்சு நின்றுபோன நான்கு வயது கலைமதியின் நெஞ்சை ஆம்புலன்ஸில் வந்தவர் விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அவள் கவுனிலிருந்து உப்பு பொலபொலவென்று உதிர்கிறது. உச்சி வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூச வைக்கின்றன. "தூக்கினதும் யாராச்சும் இப்படி அழுத்தினீங்களா?" கையை நிறுத்தாமலே அவர் கேட்கிறார். யாரும் அழுத்தியிருக்கவில்லை. உப்பில் புதைத்தால் குடித்த தண்ணீரையெல்லாம் அது இழுத்துவிடும், உயிர் திரும்பிவிடும் என்று பிள்ளையைக் கழுத்தளவு குவியலுக்குள் வைக்கச் சொன்னவள் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரும் பாப்பாத்திதான். பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தவளும் அவள்தான். கையில் ஒட்டிய உப்பைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருக்கிறாள், அது போவதாயில்லை. கலைமதியின் அம்மா ரேணுகா அந்தக் கையையே இறுகப் பிடித்துக்கொள்கிறாள். "நல்லவேளை, நீயாவது இருந்தியேக்கா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."