சுத்தமான ரிப்போர்ட்

"உங்க கிரெடிட் ஸ்கோர் எவ்வளவு?" பக்கத்து நாற்காலிக்காரி கேட்டாள்.

ரோண்டா காதில் விழாதது போல் இருந்தாள். முதியோர் இல்லத்தின் ஆபீஸ் வாசலில் இரண்டே நாற்காலிகள். உள்ளே இருப்பது ஒரே ஒரு உதவியாளர் வேலை. வேலைக்கு எடுக்கும் முன் கடன் ரிப்போர்ட்டைப் பார்ப்போம் என்று இரண்டு பேரிடமும் போன வாரமே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

"என்னுது எண்ணூத்தி அம்பதுக்கு எண்ணூத்திப் பத்து," என்றாள் அவள். பெயர் ஜோலீன். "நல்லா தோண்டிப் பாக்கட்டும். காரே ரொக்கத்துல வாங்கினவ நான்."

"நல்லது."

"உங்களுது?"

"அவ்வளவு இல்ல."

ஜோலீன் ரோண்டாவின் பழைய பூட்ஸைப் பார்த்துச் சிரித்தாள். "அப்ப எதுக்கு வந்தீங்க, வெளிய பனி கொட்டுதுன்னு ஒதுங்கினீங்களா?"

ரோண்டா கதவையே பார்த்தாள். இந்த மாதத்தில் இது நான்காவது இடம். பள்ளிக்கூட கேன்டீனில் வேலை கிடைத்த மாதிரிதான் இருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வருந்துகிறோம் என்று கடிதம் போட்டுவிட்டார்கள். மளிகைக் கடையிலும் அப்படியே. தட்டு கழுவுகிறவளின் கடன் இவர்களை என்ன செய்யும் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக் கதவில் கோர்ட் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒன்றாம் தேதிக்குள் வாடகை பாக்கியைக் கட்டாவிட்டால் ஷெரீஃபின் ஆட்கள் வந்து சாமான்களை எடுத்துத் தெருவில் வைப்பார்கள்.

இன்று இருபத்து மூன்று.

ஜோலீனை முதலில் கூப்பிட்டார்கள். ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்தாள்.

"ஒரு கேள்வி கூட கேக்கல. கேக்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டுக் கார் சாவியை ஆட்டிக்கொண்டே போனாள்.

மேனேஜர் பெவர்லிக்கு அறுபது வயதிருக்கும். மேஜையில் ஜோலீனின் ரிப்போர்ட் மெலிசாகக் கிடந்தது. ரோண்டாவுடையது கிளிப்புக்குள் அடங்காமல் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"உக்காருங்க. குத்திக் காட்டறதுக்காக கேக்கல. ஆஸ்பத்திரிக்கு பதினெட்டாயிரம் டாலர்னு போட்டிருக்கு."

"என் வீட்டுக்காரர் மேடம். இதயத்துல ஆபரேஷன். பொழைக்கல."

"அடடா." பெவர்லி அந்தத் தொகையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். "ரெண்டு கார்டுலயும் பாக்கி இருக்கே?"

"அவர் படுத்திருந்தப்ப நான் வேலைக்குப் போகல. சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் அதுலதான்."

இன்னும் இரண்டு வட்டங்கள்.

"விக்கிற மாதிரி வீடு, நிலம்?"

"இல்ல மேடம்."

"கை குடுக்க சொந்தக்காரங்க யாராவது?"

கேன்டீன் கடிதம் ரோண்டாவின் கண் முன்னால் வந்தது. இதற்கும் இல்லை என்றால் எழுந்து போக வேண்டியதுதான்.

"தம்பி இருக்கான், ஃபோர்ட் வேன் ஊர்ல. மார்ச்சுக்குள்ள எல்லாத்தையும் அடைச்சிடறேன்னு சொல்லியிருக்கான். அப்புறம் ஒரு டாலர் பாக்கி இருக்காது மேடம்."

பேனா நின்றது.

"மார்ச்சுக்குள்ளயா?"

"ஆமா மேடம்."

பெவர்லி ரிப்போர்ட்டை மூடினாள். ஜோலீனுடையதன் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

"சரி. வந்ததுக்கு ரொம்ப நன்றி."

ரோண்டா எழவில்லை. முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது. தெருவில் தன் கட்டிலும் பாத்திரங்களும் பனியில் நனைவது போல் தோன்றியது.

"மேடம், மன்னிச்சிடுங்க. பொய் சொல்லிட்டேன். என் தம்பியே என்கிட்ட கைமாத்து வாங்கினவன். அடைக்க யாரும் கிடையாது. நான் ஒருத்திதான். எப்படிப் பாத்தாலும் ஆறேழு வருஷம் ஆகும். ஆனா வேலையில ஒரு குறை வைக்க மாட்டேன். என் வீட்டுக்காரர ரெண்டு வருஷம் நான்தான் தூக்கி, குளிப்பாட்டி, எல்லாம் பாத்தேன்."

பெவர்லி பேனாவைத் திரும்ப எடுத்தாள். பிறகு ரிப்போர்ட்டைத் திரும்பத் தன் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"பயம் மேடம்."

"உண்மையச் சொல்றதுக்கு என்ன பயம்? திங்கக்கிழமை வந்துடுங்க. மணிக்குப் பதினாலு டாலர். வாடகைக்கு ஏதாவது நெருக்கடின்னா அட்வான்ஸ் தர்றேன், சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சுக்கலாம்."

ரோண்டா குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உண்மைக்கும் மதிப்பு கொடுக்க ஒரு ஆள் இருக்கத்தான் செய்கிறார்.

"நீங்க நல்லா இருக்கணும் மேடம். அந்தப் பொண்ணு ஜோலீனுக்குத்தான் குடுப்பீங்கன்னு நினைச்சேன். எண்ணூத்திப் பத்தாமே."

"அதுவா?" பெவர்லி அட்வான்ஸ் படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தாள். "கடனே இல்லாததெல்லாம் இங்க நிலைக்காதும்மா. ஞாயித்துக்கிழமை இன்னொரு ஷிப்ட் சேத்துப் பாருன்னா, ஏப்ரனைக் கழட்டி வீசிட்டுப் போயிடும்."

படிவத்தை ரோண்டாவின் பக்கம் திருப்பினாள்.

"நீ எங்க போவ?"