ஒரு மழை வந்தால் தேவலை

நான்கு நாட்கள் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் மிதித்துவிட்டு, ஐந்தாம் நாள் சைக்கிள் பந்தயம் பார்க்கச் சாலையோரம் நின்றார்கள் திருப்பூர் தம்பதி மகுடேஸ்வரனும் சுபஸ்ரீயும்.

வீரர்கள் இருபதே விநாடியில் பறந்துபோனார்கள். மகுடேஸ்வரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட டி-ஷர்ட்டில் கைதட்டிக்கொண்டிருந்த பெண்கள் மேலேயே இருந்தது அவன் கண். முக்கியமாக, அந்த உயரமானவள் மேல்.

"ஏனுங்க, பந்தயம் பாக்க வந்தீங்களா, அவளைப் பாக்க வந்தீங்களா?"

"ஒரு மழை வந்தாத் தேவலை, சுபா."

"ஓ... நனைஞ்சு வேற பாக்கோணுமாக்கும்?"

"அட, அவங்க போட்டிருக்கறது நம்ம கம்பெனி பனியன்! போன வருசம் இதே பந்தயத்துல மழை பேஞ்சு, சிவப்பு ஓடி வெள்ளையெல்லாம் ரோஸ் ஆயிருச்சு. இந்த வருசம் சாயப்பட்டறையையே மாத்தீட்டேன். இதுவும் ஓடுச்சுன்னா ஆர்டர் போச்சு. நனைஞ்சாத்தான தெரியும்? வானத்தைப் பாரு, பொட்டு மேகமில்லை."

சுபஸ்ரீயின் முகம் தெளிந்தது. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினாள்.

"இதுக்கு எதுக்குங்க மழை?" என்றபடி சாலையைக் கடந்து, நேராக அந்த உயரமானவளிடம் போனாள்.