கல்லாமையைத் தேடிய ஆமை

விடுதிக்குக் கொடுக்கக் காசில்லாத ஓர் ஆமை, ஓட்டுக்குள்ளேயே தூங்கித் தூங்கி ஒரு மாதம் நடந்து, இடிந்த பழங்கோயில் ஒன்றைப் பார்க்க வந்தது. அங்கே ஒரே ஆட்டுக்கூட்டம். மிதிபடாமலிருக்க, தாழ்ந்த பீடம் ஒன்றில் ஏறித் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"இந்தக் கல்லாமையைப் பாருங்க! ஆயிரம் வருஷப் பழசாம்!" என்று ஆடுகள் வியந்தன.

ஆமைக்கு ஆசை தாங்கவில்லை. தலையை நீட்டி, "எங்கேங்க அது? நானும் பார்க்கணும்" என்றது.

"பார்க்கணும்னா வரிசையில வாய்யா! பீடத்து மேலயா ஏறுவ?" என்று ஒரு கிடா அதட்டியது.

ஆமை வெட்கத்தோடு இறங்கி, வரிசைக் கடைசியில் போய் நின்றது. அதன் முறை வந்தபோது பீடம் காலியாக இருந்தது.

"ஐயோ, யாருங்க தூக்கிட்டுப் போனது?" என்று கேட்டது ஆமை.

"அதான் எங்களுக்கும் புரியல" என்றது கிடா.