திறந்த நேரம்

இருபத்துமூன்றாம் கேள்விக்கும் மேலாளர் அதே எண்ணைத்தான் சொன்னார். நாலாயிரத்து நூற்றுப் பதினாறு.

“சார், அது இதுக்கு முந்தின கேள்விக்கு. போன மாசம் எத்தனை பதிவு அனுப்பினீங்கன்னு. இது வேற. அதுல எத்தனைய அந்தப் பக்கம் டாக்டர் திறந்து பார்த்தார்னு.”

“அனுப்பியாச்சுன்னா பாத்தாச்சுன்னுதாம்மா அர்த்தம். போன வருஷம் வந்தவர் இதெல்லாம் கேக்கவே இல்ல. டீ குடிச்சார், கையெழுத்து வாங்கினார், போயிட்டார். தங்கமான மனுஷன்.”

நான் தங்கம் இல்லை. ஆய்வுப் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் வைத்தேன்.

இந்த மையத்துக்கு வேலை ஒன்றுதான். ஓர் ஆஸ்பத்திரியில் எடுத்த பரிசோதனை, எழுதிய மருந்து, ஒத்துக்கொள்ளாத ஊசி எல்லாம், நோயாளி இன்னோர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அங்கிருக்கும் கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். இப்படிப்பட்ட மையங்களை ஆய்வு செய்வது என் வேலை. இது ஒன்பதாவது. முந்தைய எட்டிலும் இரண்டு கேள்விக்கும் ஒரே எண்தான் கிடைத்தது.

மூன்றாவது மையம் பதிவு அனுப்புகிற ஆஸ்பத்திரிக்கு நேரிலேயே போய்ப் பார்த்தேன். வந்ததையெல்லாம் அச்செடுத்து, ரப்பர் பேண்டு போட்டு, அலமாரியில் அடுக்கியிருந்தார்கள். அந்த அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, நோயாளியிடம் பழைய பேப்பர் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

“ஒன்னு அனுப்பிக் காட்டுங்க சார். திறக்கறாங்களான்னு பாப்போம்.”

அதற்கு நோயாளியின் சம்மதச் சீட்டு வேண்டும். கையோடு கொண்டுவந்திருந்தேன். யாருடைய சீட்டாக இருக்க வேண்டும் என்று விதியில் எதுவும் இல்லை. பதிவு எண், ஆஸ்பத்திரி, இன்று காலை பத்தரைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. கீழே நீல மையில் ஒரு கட்டைவிரல்.

மேலாளர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கைநாட்டா? இவங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் பதிவு எதுக்கும்மா? பேப்பர ஒரு பையில போட்டுக் குடுத்தா தூக்கிட்டுப் போயிடுவாங்க.”

“இவங்களுக்குத்தான் சார் வேணும். படிச்சவங்க வாயால சொல்லிக்குவாங்க.”

சிரித்தார். கெட்டவர் இல்லை. என் காலடியில் இருந்த ஜவுளிக்கடைப் பையைப் பார்த்து, காலையிலேயே பர்ச்சேஸா என்றார். வீட்டுச் சாமான் என்று சொல்லிப் பையைக் காலால் உள்ளே தள்ளினேன்.

மூலையில் கணினி முன்னால் உட்கார்ந்து பதிவு அனுப்புகிற அக்கா தலையை நீட்டினாள். “திறந்த நேரம்னு ஒரு கட்டம் இருக்கு சார். என் திரையில மட்டும் வரும்.”

மேலாளர் நாற்காலியோடு திரும்பினார். “எப்பலருந்து?”

“ஆரம்பத்துலருந்து. யாரும் கேட்டதில்ல.”

பத்து பன்னிரண்டுக்கு அக்கா பதிவை அனுப்பினாள். பச்சைப் புள்ளி உடனே விழுந்தது. போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். பக்கத்துக் கட்டம் காலி.

பத்தரைக்கு அந்தக் கட்டைவிரலுக்கு உரியவர் டாக்டர் முன்னால் போய் நிற்பார். கையில் துண்டுக் காகிதம் கிடையாது. டாக்டர் திறந்து பார்த்துவிட்டால் பிழைத்தார். இல்லாவிட்டால் என்ன மாத்திரை, எந்த ஊசி ஒத்துக்காது, எந்த வருஷம் ஆபரேஷன் என்று கேள்வி வரும். பதில் வராது. இதுகூடத் தெரியாமல் எதற்கு வந்தாய் என்று நாலு பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

பத்து நாற்பதுவரை பார்ப்பது, அப்போதும் காலியாக இருந்தால் நானே அந்த ஆஸ்பத்திரியைக் கூப்பிடுவது என்று முடிவு செய்திருந்தேன். எண்ணைக் கைப்பேசியில் எடுத்தே வைத்திருந்தேன்.

பத்து இருபது. காலி.

பத்து முப்பது. காலி. டீ வந்து ஆடை கட்டியது.

மேலாளர் எழுந்து வந்து அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். “திறந்து தொலையேன்யா” என்று திரையைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

பத்து முப்பத்தாறுக்குக் கட்டத்தில் நேரம் விழுந்தது.

அக்கா மேஜையை ஒரு தட்டுத் தட்டினாள். மேலாளர் தானே பிழைத்துக்கொண்டவர் மாதிரி மூச்சு விட்டார். “பாத்தியா, நான்தான் சொன்னேனே.”

“இது ஒன்னு சார். போன மாசம் போன மொத்தத்துக்கும் அந்தக் கட்டத்த எடுக்கச் சொல்லுங்க.”

எடுத்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு. பாதிகூடத் தேறவில்லை. மேலாளர் குனிந்து அந்த எண்ணை வாய்விட்டுப் படித்தார். பிறகு, “அதையே எழும்மா” என்றார்.

ஒன்பது மையத்தில் முதல் உண்மையான எண். அழுத்தி எழுதினேன். ஆறிப்போன டீயையும் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

படியிறங்கும்போது அம்மா கூப்பிட்டாள்.

“ஆஸ்பத்திரி பேப்பர் வச்ச பைய எங்கயோ வச்சுட்டேன்டி. வீடு பூரா தேடினேன், கிடைக்கல. இன்னிக்கும் திட்டு வாங்கப்போறோம்னு பயந்துக்கிட்டேதான் உள்ள போனேன். அந்த டாக்டர் ஒன்னுமே கேக்கல. எந்த ஊசி எனக்கு ஆகாதுன்னு அவரே சொல்றாரு. உக்காரச் சொன்னாருடி.”

“விடும்மா. பை எங்கயாவது இருக்கும்” என்றேன்.

ஜவுளிக்கடைப் பையைத் தோள் மாற்றிக்கொண்டேன். உள்ளே அம்மாவின் பதினோரு வருஷத்துப் பேப்பர்களும் எக்ஸ்ரேக்களும் சலசலத்தன.