யோனாவின் கண்ணீர்ச் சாட்சி

"நிறுத்துடா! பொய் சொல்லாத!" என்று கடைசி வரிசையிலிருந்து கத்தினான் பர்னபாஸ்.

எர்ணாவூர் ஜெபவீட்டில் அது சாட்சி நேரம். எங்கள் யோனா வழக்கம்போல, எங்கள் சபைப் பெண் எப்சியின் அப்பாவுடைய படகு என்ஜினைத் தான் திருடியதையும், பிறகு ஆண்டவரால் திருந்தியதையும் அழுதபடி சொல்லிக்கொண்டிருந்தான். ஞாயிறு தவறாமல் அழுதே எப்சியோடு நிச்சயமும் முடித்துவிட்டான். திருந்தியவனுக்கு எங்கள் சபையில் அவ்வளவு மவுசு!

"உனுக்குப் பொறாமைடா! என் பாவத்தப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?"

"படகு எங்க நின்னுகினு இருந்துச்சு, சொல்லு பாப்போம்?"

யோனா பாஸ்டரைப் பார்த்தான்.

"பேஜார் பண்ணாத நைனா, அப்பால பேசிக்கலாம்" என்றார் பாஸ்டர்.

"இன்னா அப்பால? அந்த என்ஜினத் திருடுனவன் நான், பாஸ்டர்! வாரா வாரம் இவன் மன்னிப்பு வாங்கிக்கினு போறான். நான் தூங்காம கெடக்கறேன்!"

பர்னபாஸ் எப்சியின் அப்பா காலில் விழுந்தான். ஒழுங்காக அழக்கூட வரவில்லை அவனுக்கு.

பெரியவர் குனிந்து அவன் தோளைப் பிடித்தார். பிறகு, "எழுந்துர்றா. காலைல கடலுக்கு வந்துரு" என்றார்.

அந்தப் படகில் போனவன்தான் இப்போது எப்சியின் புருஷன். யோனா திருவொற்றியூருக்குக் குடிபோய்விட்டான். அந்தச் சபையில் அவன் லாரி திருடித் திருந்தியவனாம்.