அந்தக் குச்சியைத் தொடாதை

"ஐயோ தம்பி, போனை வச்சிடாதேங்கோ! நீங்கள் வச்சால் என்ர காசு முழுக்கப் போயிடுமல்லோ!"

ஸ்டீல்ஸ் பிளாசாக் கடைகளில் வாங்கிய மரக்கறிப் பைகளோடு வந்த ஜெனாட் வாசலிலேயே நின்றுவிட்டாள். குசினி மேசையில் அம்மா றெஜினா. முன்னால் லப்டொப், பக்கத்தில் ஸ்பீக்கரில் போட்ட வீட்டுப் போன்.

"பயப்படாதேங்கோ அன்ரி. நான் றோய், கொம்பியூட்டர் கொம்பனியிலயிருந்து. உங்கட லப்டொப்புக்குள்ள வைரஸ் பூந்திட்டுது. நான் சொல்லுறமாதிரிச் செய்தால் பாங்க் காசுக்கு ஒண்டும் வராது." நல்ல யாழ்ப்பாணத் தமிழ், தேன் தடவின குரல்.

அப்பா செத்தபோது வந்த காசு அவ்வளவும் அம்மாவின் பேரில்தான் பாங்கில் கிடக்கிறது. லப்டொப்பை எட்டிப் பார்த்தாள். வழமையான திரை இல்லை, அதில் இருந்த மாதா படமும் இல்லை. கரும்பச்சையாய் முன்பின் தெரியாத ஏதோ ஒன்று. பக்கவாட்டில் ஒரு யூஎஸ்பி குச்சி துருத்திக்கொண்டு நின்றது. போச்சு, உள்ளே புகுந்துவிட்டான்!

"அம்மா, இது ஸ்கேம்! ஹேங் அப்!" என்று குச்சியைப் பிடுங்கப் போனவளின் கையில் பளாரென்று ஒரு அடி விழுந்தது.

"அந்தக் குச்சியைத் தொடாதை!"

"ஆர் அன்ரி அது?"

"என்ர மகள், தம்பி. அவளுக்கு உதுகள் விளங்காது. நீங்கள் சொல்லுங்கோ."

"நான் அனுப்பின பைலை அமத்துங்கோ."

"அமத்தினனான். ஓடுதில்லை."

"இன்னொருக்கா."

"அமத்தி அமத்தி விரலும் நோகுது. அது அசையிறதாக் காணேல்லையே!"

அவன் ஆரையோ கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னான். றெஜினா உடனே மியூட்டை அமத்தினாள். முகத்தில் அழுகையின் சுவடே இல்லை.

"விசரி, உது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் எண்ட வேறை சிஸ்டம். முழுக்க இந்தக் குச்சியிலயிருந்துதான் ஓடுது. லப்டொப்பை நிப்பாட்டி, குச்சியைச் செருகி, திரும்ப ஒன் பண்ணேக்க எஃப் பன்னிரண்டை அமத்தினனான். யூரியூப்பில பாத்தது. அவன்ர பைல் இதில ஓடாது. என்ர பாங்க், பாஸ்வேர்ட் ஒண்டும் இதுக்குள்ள இல்லை. குச்சியைப் பிடுங்கினால் எல்லாம் துடைச்சமாதிரி."

ஜெனாட்டுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. "அப்ப ஏன் அவனோட மினக்கெடுறியள்? வையுங்கோவன்."

"வைக்கமாட்டன்! என்ர சிநேகிதி அருள்மலரை ஏமாத்தினதும் இதே றோய்தான். அவளின்ர போனிலயிருந்துதான் என்ர நம்பரும் போயிருக்கு. பாவி, வெக்கத்தில பூசைக்கும் வாறாளில்லை. கேட்டால் தலையிடியாம். களவெடுத்தவன் நெஞ்சை நிமித்திக்கொண்டு கதைக்கிறான், களவு குடுத்தவள் கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறாள். ஆர் ஒளிக்கவேணும் எண்டு இண்டைக்குப் பாப்பம்."

போனில் மறுபடி குரல் கேட்டது. மியூட்டை எடுத்ததும் றெஜினாவுக்கு அழுகையும் திரும்பி வந்துவிட்டது.

"பைலை விடுங்கோ அன்ரி. பாங்க் பாஸ்வேர்டைச் சொல்லுங்கோ, நானே பாக்கிறன்."

"ஆற்றை பிள்ளை எண்டு தெரியாமல் எப்பிடித் தம்பி சொல்லுறது? ஊரில எவடம்?"

ஜெனாட் தலையில் கைவைத்தாள். அம்மாவின் பழைய வியாதி. பல்லுப் பிடுங்க வந்த டொக்டரிடமே, திறந்த வாயோடு ஊர் விசாரித்தவள்.

"யாழ்ப்பாணம்தான்."

"யாழ்ப்பாணம் பெரிசெல்லோ?"

கொஞ்சம் யோசித்தான். "குருநகர்."

"குருநகரோ! நான் அங்கதானே படிச்சனான். எந்த ஒழுங்கை?"

"இல்லை... உண்மையில பாசையூர் அன்ரி."

"அப்பிடிச் சொல்லுங்கோவன். கோவிலுக்கு எந்தப் பக்கம்?"

"பின்பக்கம்."

"ஆற்றை மகன்?"

"சீமோன்ர இளையவன்."

எங்கள் ஆக்களிடம் கொம்பனிப் பேரைப் பொய்யாய்ச் சொல்லித் தப்பலாம். ஊரைப் பொய்யாய்ச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே மாட்டுப்படவேண்டும். அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

"அம்மா இருக்கிறாவோ?"

"ஓம், ஒஷாவாவில அக்காவோட. இப்ப பாஸ்வேர்டைச் சொல்லுங்கோ."

"எங்கையோ வச்சனான் தம்பி, பொறுங்கோ, தேடுறன்."

தேடுகிறேன் என்றவள் மியூட்டை அமத்திவிட்டுக் கைப்போனை எடுத்து, கோவில் ஆக்களின் வட்ஸ்அப்பில் மளமளவென்று எதையோ தட்டினாள்.

"அம்மா, குட் மோர்னிங் படம் அனுப்புற நேரமே இது?" ஜெனாட் பல்லைக் கடித்தாள். றெஜினா ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

கைப்போன் அதிர்ந்தது. வாசித்தாள்; ஆரோ அனுப்பிய ஒரு நம்பர். எழும்பிப்போய் யன்னலோரம் நின்று ஆரோடோ குசுகுசுத்தாள். திரும்பி வந்து மியூட்டை எடுத்து, கைப்போனை வீட்டுப் போனோடு ஒட்டவைத்தாள்.

"தம்பி, எனக்கு வயசு போட்டுது, மறந்துபோனன். நான் உங்களுக்கு என்ன தரவேணும் எண்டனீங்கள்?"

குரலில் இருந்த தேன் முழுக்க வற்றிவிட்டது. "பாங்க் பாஸ்வேர்ட்! எத்தினைதரம் சொல்லுறது கிழவி? காசு வேணுமோ, வேண்டாமோ?"

"எனக்குக் கேட்டிட்டுது தம்பி" என்றாள் றெஜினா. அழுத குரல் இல்லை, கல்லுப் போன்ற குரல்.

கைப்போனின் ஸ்பீக்கரைப் போட்டாள். பிறகு கைப்போனுக்குள்ளிருந்து வயதான ஒரு பெண்குரல் நடுங்கி நடுங்கி வந்தது.

"மாக்கஸ், அம்மா கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."