சனிக்கிழமைப் புகை

உக்கிரபாண்டி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வியாழக்கிழமை மலையேறினார்.

வீடு போடியில், ஏலக்காய்த் தோட்டம் மலையில். வழக்கமாகச் சனிக்கிழமைதான் போவார். ஜீப் கடைசி வளைவு திரும்பியதும் விறகு அடுப்பில் காய் உலர்த்தும் ஸ்டோரின் குழாயில் புகை தெரியும். அதைப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. ஸ்டோருக்குள் மட்டும் போக மாட்டார், கண் எரியும்.

"எவனெவனோ பொகைய விட்டு மழையக் கெடுத்துப்புட்டான். போன கோடையில நம்ம செடி பாதி கருகிப்போச்சு" என்று வழிநெடுக டிரைவரிடம் உலகத்தைத் திட்டிக்கொண்டே வந்தவர், வளைவு திரும்பியதும் பேச்சை நிறுத்தினார்.

குழாயில் புகை இல்லை.

இறங்கிப் பார்த்தால், ஸ்டோர் வேலைக்காரன் சின்ராசு பச்சைக்காய் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்து வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

"டேய்! பதினாறு வருசம் என் சோத்தத் தின்னுட்டு என் காயவே கடத்துறியா? இன்னையோட உன் சோலி முடிஞ்சது. மலைய விட்டு எறங்கிரு!"

சின்ராசு மூட்டையை இறக்கினான். பேச வாயெடுத்தான், இருமல்தான் வந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டக்காரன் பாண்டித்துரை ஓடிவந்தான். கூரையில் சோலார் பலகை போட்டு, கரண்டில் ஓடும் டிரையரில் காய் உலர்த்துகிறவன். உக்கிரபாண்டி அதற்கு வைத்திருந்த பெயர், பொம்மை அடுப்பு.

"அவரத் திட்டாதீக மாமா. நாந்தான் காயக் கொண்டாரச் சொன்னேன். பொகையில கெடந்து அவருக்கு நெஞ்சு கெட்டுப்போச்சு. அடுப்புப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்ககிட்டச் சொன்னா வேலை போயிரும்னு பயம். என் டிரையர்ல பாதி எடம் சும்மாதான கெடக்கு, அதுல போட்டு உலத்திக் குடுக்கிறேன்."

"எத்தன நாளா நடக்குது?"

"ரெண்டு வருசமா."

உக்கிரபாண்டிக்குப் போன மாதம் செய்தது ஞாபகம் வந்தது. போடி ஏல மையத்தில் தன் காயை உள்ளங்கையில் பரப்பி, இதே பாண்டித்துரையின் மூக்குக்கு நேரே நீட்டி, பத்துப் பேர் கேட்க முழங்கியிருந்தார்.

"பாத்தியா மாப்ளே, பச்சைய! வெறகு அனல்ல காஞ்ச காயி. உன் பொம்மை அடுப்புக்கு ஏழு சென்மத்துக்கும் இந்த நெறம் வராது!"

அன்றைக்கு அவன் "ஆமா மாமா" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். ஸ்டோரில் விறகு குறையாததைக்கூட, அடுப்புக் கட்டிய தன் கைராசி என்றுதான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"ஏம்ப்பா, அன்னைக்கே என் மூக்க ஒடைச்சிருக்கலாம்ல?"

"ஒடைச்சா சின்ராசு அண்ணன் மறுபடி அடுப்பு முன்னாடி போய் உக்காரணும்ல மாமா."

உக்கிரபாண்டிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே, தன்னை நினைத்துச் சிரிப்பும் வந்தது. சின்ராசுக்கு முன்னால் குனிந்து மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார்.

"நீ ஒரு பக்கம் பிடிடா. எங்கேயும் எறங்க வேணாம். மாப்ளே, எனக்கும் அந்தப் பொம்மை அடுப்புல ஒண்ணு வாங்கிப் போடு. நீயே போய்க் கடையில சொல்லிரு. நான் பேசியிருக்கிற பேச்சுக்கு, இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எவன்கிட்டயும் போய்க் கேக்க முடியாது."

நாலு எட்டு வைத்தவருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம்.

"ஏன்டா சின்ராசு, அப்ப சனிக்கெழமை சனிக்கெழமை நம்ம குழாயில பொகை வந்துச்சே?"

சின்ராசு தலையைச் சொறிந்தான்.

"மூக்கப் பொத்திக்கிட்டு ரெண்டு ஈரக்கட்டைய உள்ள தள்ளிட்டு வெரசா ஓடியாந்துருவேன் மொதலாளி. ஸ்டோருக்குள்ள ஒத்தக் காயி இருக்காது. அந்தப் பொகை, நீங்க பாக்கிறதுக்கு மட்டுந்தான்."